நான்காவது வழியில் வந்த பழனியாண்டி

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பெரிய கற்பனைக்காரன் என்று நினைக்கவேண்டாம். 'பிள்ளையின் பல்கலைக்கழகச் சமூகத்தில் பெற்றோர் பங்குகொள்ள ஏழு வழிகள்' என்பது பிரசுரத்தின் தலைப்பு. போன வருடம் அதை எழுதியவன் நான். எழுதினேன் என்பதும் கொஞ்சம் அதிகம்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் பெற்றோருக்குச் சொன்னதை நம் பெற்றோருக்குச் சொல்லிவைத்தேன்.

இந்த வருடப் பெற்றோர் தினத்துக்கு அதைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்கவேண்டும். திருத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. நான்காவது வழியை எடுத்துவிட்டு, ஏழை ஆறாக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. மூன்று நாட்களாக அதைச் செய்யமுடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், செய்யாமல் இருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கதையில் வரும் பிரதாப் என்ற உதவி விரிவுரையாளன் நான்தான். 'நான்' என்று போட்டு இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். வாக்கியங்களெல்லாம் என் பக்கமாகவே சாய்ந்தன. 'பிரதாப்' என்று எழுதினால் ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம். (இதுவும் ஒளிந்துகொள்ளும் வழிதானே என்று நீங்கள் கேட்கலாம்.)

வளாகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். இலங்கை மலையகத்தில், கொத்மலைக்கு மேலே எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு அது போதும்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்:

'மலைகளின் மேல் பனிமூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்த அந்தக் காலையில்—'

(வேண்டாம். மலையகக் கதை என்றால் பனிமூட்டத்தில்தான் தொடங்கவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நல்ல வெயில்.)

இரண்டாவது ஆரம்பம்:

'பழனியாண்டி என்ற ஏழைத் தொழிலாளி, தன் ஒரே மகளைப் படிக்கவைப்பதற்காக இரவு பகல் பாராமல்—'

(இது இன்னும் மோசம். அவருக்கு மூன்று பிள்ளைகள். இருட்டில் அவருடைய வேலையைச் செய்யவும் முடியாது, கை போய்விடும். தவிர, ஆளை முதல் வரியிலேயே பரிதாபப்படவைத்துவிட்டால், பிரதாப் செய்ததும் அந்தப் பரிதாபத்தில் கரைந்துபோகும். அதற்காகத்தான் அப்படி எழுதினேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.)

மூன்றாவது ஆரம்பத்தில் அலங்காரம் ஒன்றும் இல்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

காலை எட்டரைக்குப் பல்கலைக்கழகப் பீடக் கட்டடத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, பிரதாப் படிவங்களை வாங்கிக்கொண்டிருந்தான். போன வருடப் பெற்றோர் தினம். முதலில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்றரை மணி நேரம் சிரமதானம், அதாவது வளாகத்தைத் துப்புரவாக்குவது, பிறகு மண்டபத்தில் கூட்டம், பிறகு சோற்றுப் பார்சல். பிரசுரத்திலிருந்த ஏழு வழிகளும் படிவத்தில் வரிசையாக இருந்தன. யாருக்கு எதில் விருப்பமோ அதற்கு நேரே எழுதவேண்டும்.

'உங்கள் தொழில்திறனைப் பல்கலைக்கழகச் சமூகத்துடன் பகிர்ந்துகொள்ளுங்கள்.' இது நான்காவது வழி. கண்டியிலிருந்து வந்த ஒரு வங்கி முகாமையாளர் அதற்கு நேரே, நேர்முகத் தேர்வை எதிர்கொள்வது பற்றி மாணவர்களுக்கு உரையாற்றுவதாக எழுதியிருந்தார். பிரதாப்புக்குப் பரம சந்தோஷம். அந்த வரியை எழுதும்போது அவன் மனதில் இருந்தது அவரைப் போன்ற ஆட்கள்தான்.

அடுத்து நின்றவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி மடிப்பு கலையாமல் போட்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தார். முதலாம் வருட மாணவி தனுஷிகாவின் அப்பா, பெயர் பழனியாண்டி. அவருடைய படிவத்தில் மற்ற ஆறு வழிகளும் காலியாகக் கிடந்தன. நான்காவதற்கு நேரே மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'கவ்வாத்து. 31 வருசம்.'

(தெரியாதவர்களுக்கு: கவ்வாத்து என்பது, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து வெட்டி இறக்குவது. வெட்டிய பிறகு செடி வெறும் குச்சியாக நிற்கும். பார்க்கிறவன் செடி செத்துவிட்டதென்று நினைப்பான். சில மாதத்தில் புதுத் தளிர் வரும். வெட்டாமல் விட்டால் செடி மரமாகப் போய்விடும். பிரதாப்புக்கு இந்த அடைப்புக்குறி தேவையில்லை. அவனுடைய அப்பா வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருடம் கவ்வாத்து வெட்டியவர். வளாகத்தில் அது ஒருவருக்கும் தெரியாது.)

"சேருக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார் பழனியாண்டி.

"ஹட்டன்."

"ஹட்டன்ல எந்தப் பக்கங்க?"

"டவுன்தான்."

"அப்பிடிங்களா" என்று தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

பீடத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு தேயிலைச் செடிகள் உண்டு. கட்டடம் திறந்த வருடம் அழகுக்காக நட்டவை. வளாகத்துத் தோட்டக்காரர் மாதமொருமுறை பெரிய கத்தரிக்கோலால் மேலே மட்டும் உருட்டிவிடுவார். வெளியே பார்க்கப் பச்சை உருண்டை. பழனியாண்டி குனிந்து கிளைகளை விலக்கி உள்ளே பார்த்தார். மற்றப் பெற்றோர்கள் ஈர்க்குமாறும் குப்பைப் பையுமாகப் போய்க்கொண்டிருக்க, அவர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துவிட்டு பிரதாப்பிடம் வந்தார்.

"சேர், இதுக எத்தன வருசமா கவ்வாத்து பாக்காம கெடக்குங்க?"

"தெரியலையே."

"உள்ளுக்க பூரா பாசி. இப்பிடியே வுட்டா பட்டுப்போயிரும். நான் வெட்டி வுட்டுரட்டுங்களா? கத்தி கொண்டாந்திருக்கேன்."

கையிலிருந்த சாக்குச் சுருளைக் காட்டினார். பிரசுரத்தைப் படித்துவிட்டு, சொன்னபடி கொண்டுவந்திருக்கிறார் மனிதர். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை என்று யாரோ பிரதாப்பை உள்ளே கூப்பிட்டார்கள். "வெட்டுங்க, வெட்டுங்க" என்றான்.

இதோடு நிறுத்தியிருந்தால், அவன் பின்னால் சொன்ன பொய்க்கு ஒரு நொண்டிச் சாக்காவது இருந்திருக்கும். நாலடி போனவன் திரும்பி நின்று, "சாச்சு வெட்டுங்க, வெட்டுன வாயில மழத்தண்ணி நிக்கப்படாது. மூச்சுக்கு ரெண்டு கெள வுட்டுருங்க" என்றான்.

பிரதாப்பின் அப்பா புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுவது அது. அதே வார்த்தைகள், அதே வட்டவளைத் தமிழ். ஆறு வருடமாகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்த நாக்கிலிருந்து எப்படி வந்து விழுந்தது என்று தெரியவில்லை.

பழனியாண்டி அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சரிங்க சேர்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

4

நாளைக்கு நூற்றைம்பது செடி வெட்டிப் பழகிய கைக்குப் பதினாறு செடி எந்த மூலைக்கு? ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். பிரதாப் வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. பச்சை உருண்டைகள் இருந்த இடத்தில் பதினாறு குச்சிக் கொத்துகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கிளை மட்டும் இலையோடு நின்றது. வெட்டுவாய்களெல்லாம் ஒரே சாய்வு. ஒரு கிளைகூடப் பிளந்திருக்கவில்லை. பார்த்ததும் பிரதாப்பின் மனதில் முதலில் எழுந்தது, 'என்ன அழகான வெட்டு' என்ற எண்ணம். அதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு அதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பீடாதிபதி அம்மையார் படியில் நின்றுகொண்டிருந்தார். மாத்தறைப் பக்கத்துக்காரர், கடலோரத்தில் வளர்ந்தவர், கெட்ட மனுஷி இல்லை. திங்கட்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருகிறதென்று இரண்டு மாதமாகத் தூக்கமில்லாமல் இருந்தவர். வாசலைப் பார்த்ததும் இரண்டு படி இறங்கி வந்தார். பிறகு சிங்களத்தில் பிரதாப்பிடம் கேட்டார்: இவரை யார் வெட்டச் சொன்னது? இவர் ஏதோ கவ்வாத்து, கவ்வாத்து என்கிறாரே, அது என்ன?

வங்கி முகாமையாளர் நின்றுகொண்டிருந்தார். சக விரிவுரையாளர்கள் இரண்டு பேர் நின்றார்கள். தனுஷிகா நின்றாள்.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றான் பிரதாப். "ஏதோ தோட்டத்துச் சொல் போலிருக்கிறது. நான் கூட்டித் துப்புரவாக்கத்தான் சொன்னேன்."

பழனியாண்டிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் பிரதாப்பைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இந்தக் கதையை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் பார்த்தது, ஐயோ இந்தப் பொடியன் மாட்டிக்கொண்டானே என்று பார்க்கிற பார்வை. தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பீடாதிபதியிடம் அவர் சிங்களத்தில் சொன்னதை அவருடைய தமிழிலேயே எழுதுகிறேன்:

"சேருக்கு இதெல்லாம் தெரியாதுங்க மேடம். அவரு டவுன்ல வளந்தவரு. நான்தான் தெரியாத்தனமா வெட்டிப்புட்டேன். மன்னிச்சுக்கங்க."

காவலாளி வந்து கத்தியை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப்போகலாம் என்றார். வங்கி முகாமையாளரின் உரை பிரமாதமாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். பழனியாண்டி கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கடைசிவரை கேட்டார்.

5

இந்த இடத்தில் தனுஷிகாவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன்.

'எல்லோருக்கும் முன்னால் அப்பா தலைத்துண்டைக் கையில் பிடித்து நிற்பதைப் பார்க்க தனுஷிகாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர் ஏன் வந்தார், வந்தவர் ஏன் சும்மா இருக்கவில்லை என்று அவளுக்கு—'

அருமையாக வந்துகொண்டிருந்தது. அவளுடைய கூச்சத்தை எழுத எனக்குச் சொற்கள் தானாகவே கிடைத்தன, பேனா நிற்கவேயில்லை. அப்போதுதான் சந்தேகம் வந்தது. இரண்டு நிமிடம் முழுதாகக்கூடப் பேசியிராத ஒரு பெண்ணின் மனதுக்குள் நடப்பது எனக்கு இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? தெரியாது. என்னுடைய வெட்கத்தைக் கழற்றி அவள் தலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவை நினைத்துக் கூசுகிற பிள்ளை கதைக்கு ஒன்று தேவைப்பட்டது, பக்கத்தில் நின்றவள் அகப்பட்டுக்கொண்டாள்.

அவள் உண்மையில் செய்தது இதுதான். பீடாதிபதி உள்ளே போனதும் பிரதாப்பிடம் வந்து, "சேர், வெளக்குமாறு எங்க இருக்குங்க?" என்று கேட்டாள். அவன் கையைக் காட்டினான். எடுத்துக்கொண்டு போய், அப்பாவோடு குனிந்து, வெட்டிப்போட்ட கிளைகளைக் கூட்டிக் குவித்தாள். அவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். கூட்டி முடியும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள். பிரதாப் உள்ளே போய்க் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். கூசியது அவனுக்குத்தான்.

அந்தப் பத்தியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

6

சம்பவம் பற்றி எழுத்தில் ஓர் அறிக்கை கேட்டார்கள். பிரதாப் எழுதிக் கொடுத்தான். 'பெற்றோர் ஒருவர் அறியாமையால் அலங்காரச் செடிகளை வெட்டிவிட்டார்' என்பது அதன் இரண்டாவது வரி. முப்பத்தொரு வருடம் ஒரு வேலையைச் செய்த மனிதனின் வேலைக்குப் பக்கத்தில், அந்த வேலை என்னவென்று தெரிந்த ஒருவன், 'அறியாமை' என்று எழுதினான். பழனியாண்டியின் படிவத்தை மட்டும் மற்றப் படிவங்களோடு கோப்பில் வைக்கவில்லை. அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. (பிரதாப்பின் மேசை இழுப்பறையில்.)

அறிக்கையைப் படித்த பெற்றோர் தின ஏற்பாட்டுக் குழு, இனிமேல் பெற்றோர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்தால் போதும் என்று முடிவெடுத்தது. நான்காவது வழியை எடுத்துவிடச் சொன்னது அவர்கள்தான்.

சரி, முடிவுக்கு வருவோம். இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நாலாம் மாதம் பதினாறு செடியும் தளிர்விட்டுப் பச்சைப்பசேலென்று நிற்க, பீடாதிபதி பழனியாண்டியை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறார். இதில் பாதி உண்மை. செடிகள் நன்றாகவே தளிர்விட்டன. "இந்தத் தோட்டக்காரன் இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறான்" என்றார் பீடாதிபதி. பிரதாப் "ஆமாம் மேடம்" என்றான். இரண்டாவது முறை வாய் திறக்கக் கிடைத்த சந்தர்ப்பம், அதையும் விட்டான்.

இரண்டு: பிரதாப் டயகமவுக்குப் பஸ் ஏறுகிறான். லயத்து வீட்டு வாசலில் பழனியாண்டியின் கையைப் பிடித்து அழுகிறான். அவர் மன்னிக்கிறார், தேத்தண்ணி கொடுக்கிறார். (இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. உடனே கிழித்துப்போட்டேன். பஸ்ஸே ஏறாதவனுக்கு இந்த அழுகை எதற்கு?)

7

மூன்றாவது முடிவு யோசித்துக்கொண்டிருந்தபோது, அதாவது இன்று காலை பத்து மணிக்கு, தொலைபேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. நான் இட்டுக்கட்டியதென்று நினைப்பீர்கள். எனக்கு இட்டுக்கட்டத் தெரிந்திருந்தால் இதைத் தவிர்த்திருப்பேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"சேர், வணக்கங்க. டயகம பழனியாண்டி பேசுறேன், தனுஷிகாவோட அப்பா. நம்பர் மககிட்டதான் வாங்குனேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வருசமும் பெத்தவங்க கூட்டம் வருதுன்னு சொன்னா. நான் வரலாங்களா? கத்தி கொண்டாரமாட்டேங்க. மண்டபத்துல ஒக்காந்துட்டு வந்துருவேன். இன்னும் ரெண்டு வருசந்தானே படிப்பா, அவ படிக்கிற எடத்த நாலு வாட்டி பாத்துக்கலாம்னுதான்."

பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்பறம் சேர், நீங்க எந்தத் தோட்டம்னு நான் கேக்கலைங்க. அது ஒங்க விசயம். அப்பா இருக்காருன்னா அவரயும் கூட்டியாங்க. எனக்கும் பேச்சுத்தொணையா இருக்கும்."

அப்பா இருக்கிறார். வட்டவளையில், வேலையிலிருந்து நின்று, முழங்கால் வலியோடு இருக்கிறார். பிரதாப்பின் பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு அழைப்பிதழ் கிடைத்தது. ஒன்று அம்மாவுக்கு. மற்றது ஹட்டனில் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு. அவரிடம் கோட் இருந்தது. "ரெண்டு பேருக்குத்தான் அனுமதி" என்று பிரதாப் வீட்டில் சொன்னான். அது பொய்யில்லை, அதனால்தான் சொல்ல வசதியாக இருந்தது. "மாமாவயே கூட்டிக்கிட்டுப் போ, அவருதான் நாலு பேருகிட்ட பேசத் தெரிஞ்சவரு" என்று அப்பாவே சொன்னார். சொல்லிவிட்டு அன்றைக்கும் வேலைக்குப் போனார். நான் மறுக்கவில்லை. ஏழு வருடமாக இங்கே இருக்கிறேன். இந்த வாசலை அவர் இன்னும் பார்த்ததில்லை.

'நான்' என்று வந்துவிட்டது. திருத்தப் போவதில்லை.

பழனியாண்டிக்கு மூன்று பதில்கள் தட்டச்சுச் செய்து மூன்றையும் அழித்தேன். 'கட்டாயம் வாருங்கள்' என்பது முதலாவது. 'கட்டாயம் வாருங்கள், போன வருடம் நடந்ததற்கு வருந்துகிறேன்' என்பது இரண்டாவது. அதில் நடந்தது என்றுதான் எழுதியிருந்தேன், செய்தது என்று எழுதவில்லை. மூன்றாவது 'அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்பது. அப்பாவின் எண்ணை எடுத்தேன், அவர் எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

பிரசுரம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நான்காவது வழி இன்னும் அதில் இருக்கிறது, எடுத்தாலும் விட்டாலும் யாரிடமாவது காரணம் சொல்லவேண்டும். அறிக்கை கோப்பில் இருக்கிறது. படிவம் இழுப்பறையில் இருக்கிறது. பீடாதிபதியின் அறை என் அறையிலிருந்து இருபது அடி, கதவு திறந்துதான் இருக்கிறது.

கதையின் முடிவு என் கையில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று இவ்வளவு தூரம் படித்த உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அதை உங்களிடம் கொடுக்கிறேன்.